யூகான் சதுப்பில் ஒரு எல்லைக்கோடு
அலாஸ்காவின் யூகான் ஃப்ளாட்ஸ் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஆறு இழை இழையாகப் பிரிகிறது, நடுவே ஆயிரக்கணக்கான குட்டைகள். இதற்குள்தான் 1847-இல் ஹட்சன் பே கம்பெனி என்ற பிரிட்டிஷ் வணிக நிறுவனம், விலங்குகளின் ரோமத்தோல் வாங்கி விற்க ஒரு கோட்டை கட்டியது. அப்போது அது ரஷ்ய மண் என்று தெரியாமலா? நான் நம்பவில்லை.

1867-இல் அலாஸ்கா அமெரிக்கா கைக்கு வந்தது. கிழக்கே பிரிட்டிஷ் பகுதியோடு எல்லை 141-ஆவது மேற்குத் தீர்க்கரேகை. ஆனால் சதுப்பில் அந்தக் கோடு எங்கே? 1869-இல் ராணுவப் பொறியாளர் கேப்டன் ரேமண்ட் நீராவிப் படகில் போய், வானத்தை அளந்து கணக்குப் போட்டார். கோட்டை அமெரிக்கப் பக்கம். சரி, கிளம்புங்கள் என்றார்.

கம்பெனி போர்க்குபைன் ஆற்றோடு மேலேறி ராம்பார்ட் ஹவுஸ் என்ற புது வணிக நிலையம் அமைத்தது. 1889-இல் வந்த அடுத்த அளவைக் குழு அதையும் அளந்தது. அதுவும் அலாஸ்காவேதான்! மறுபடி மூட்டை கட்டினார்கள்.