கருத்துரு கீழிருந்து வர வேண்டும்

கிராமத் தொகுதி எம்.எல்.ஏ. யாருக்கும் உத்தரவு போட முடியாது. தாசில்தாரும் பி.டி.ஓ.வும் (வட்டார வளர்ச்சி அலுவலர்) அவருக்குக் கீழ் வேலை பார்ப்பவர்கள் அல்லர். பரிந்துரைக்கலாம், விசாரிக்கலாம், சட்டமன்றத்தில் பேசலாம். தொகுதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்பவருக்கு முதலில் புரிவது இதுதான். மனுவோடு வாசலில் நிற்பவருக்கு இதை விளக்கவே முடியாது. விளக்கினால் "முடியாதுன்னு சொல்லிட்டாங்க" என்று ஊருக்குள் பேச்சாகும்.

தருமபுரி மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என 5 தொகுதிகள், 251 ஊராட்சிகள். தொகுதிக்குச் சராசரியாக 50 ஊராட்சி. தொகுதி மேம்பாட்டு நிதி 2019-20 முதல் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஊராட்சிக்கு 6 லட்சம்.  அதில் ஒரு தெருவுக்கு சிமெண்ட் சாலை போடலாம். ஒரு ஊராட்சியில் பல குக்கிராமங்கள் இருக்கும். ஆகவே நிதியைப் பங்கு பிரித்துக் கொடுத்தே ஐந்து வருடத்தை ஓட்டும் எம்.எல்.ஏ.வுக்குக் கடைசியில் எந்த ஊரிலும் பெயர் நிற்காது.

எம்.எல்.ஏ. பரிந்துரை கலெக்டருக்குப் போகும். ஊராட்சிப் பகுதியென்றால் ஒன்றியப் பொறியாளர் இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போடுவார். பிறகு நிர்வாக அனுமதி, டெண்டர், பணி ஆணை. வேலை நடந்தபின் அளவுப் புத்தகத்தில் பதிந்து பில். அங்கன்வாடி, நிழற்குடை, ரேஷன் கடைக் கட்டடம் போன்றவை பெரும்பாலும் பணத்தால் நிற்பதில்லை, இடத்தால்தான் நிற்கும். ஊர்க்காரர்கள் "அது பொது இடம்தான்" என்று சத்தியம் செய்வார்கள். அ-பதிவேட்டை, அதாவது கிராம நிலப் பதிவேட்டை எடுத்தால் ஓடைப் புறம்போக்கு என்றோ, மேய்ச்சலுக்கு விட்ட மேய்க்கால் என்றோ, யாரோ ஒருவரின் பட்டா என்றோ இருக்கும். நீர்நிலை என்று இருந்தால் பேச்சே இல்லை, வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்து வாங்கும் முன்பே வி.ஏ.ஓ.விடம் புல எண்ணையும் வகைப்பாட்டையும் எழுதி வாங்கிக்கொள்ளும் அலுவலகத்தில் பாதித் தலைவலி இல்லை.

வேலைகளின் வரிசையும் முக்கியம். சிமெண்ட் சாலை போட்ட சில மாதங்களிலேயே ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் குழாய்க்காக அதை வெட்டிய தெருக்கள் எத்தனையோ. சாலைக்கு எஸ்டிமேட் போடும்போதே குடிநீர்க் குழாய் வேலை முடிந்ததா என்று ஒன்றியத்தில் கேட்டிருந்தால் போதும். உயர்கோபுர விளக்கை எல்லோரும் கேட்பார்கள். திறப்பு விழாப் படமும் நன்றாக வரும். ஆனால் கரண்ட் பில் கட்ட வேண்டியது ஊராட்சி. ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே பேசாமல் நட்ட விளக்கு பல்பு போனபின் அப்படியே நிற்கும், எம்.எல்.ஏ. பெயர்ப் பலகையோடு.

மலைக் கிராமங்களின் கதை தனி. சித்தேரி மலைப் பக்கம் சாலை கேட்டால் வனத்துறை வந்துவிடும். இங்கே பல அலுவலகங்கள் "மத்திய அரசு அனுமதி வேண்டும்" என்று எழுதி வாங்கிக்கொண்டு மனுவை மூடிவிடுகின்றன. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவை யாரும் புரட்டுவதில்லை. சாலை, பள்ளி, குடிநீர், மின்கம்பி உட்பட 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வன நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல் வெட்டுவது என்ற வரம்புக்குள் இருந்தால், கிராம சபை பரிந்துரையோடு மாவட்ட அளவிலேயே முடித்துவிடலாம். கணக்கு எளிது: 3 மீட்டர் அகலச் சாலை என்றால் 1 ஹெக்டேருக்குள் ஏறத்தாழ 3.3 கிலோமீட்டர் போகலாம். கிராம சபைத் தீர்மானத்தில் புல எண்ணும் நீளமும் அகலமும் இல்லாவிட்டால் கோப்பு திரும்பி வரும். திரும்பிய கோப்புக்கு அடுத்த கிராம சபை வரை காத்திருக்க வேண்டும்.

சட்டமன்றப் பேச்சைப் பற்றி வெளியில் இருக்கும் மதிப்பு கொஞ்சம் அதிகம். "அமைக்க அரசு ஆவன செய்யுமா?" என்று கேள்வி போவதும், "நிதி நிலைமைக்கேற்ப பரிசீலிக்கப்படும்" என்று பதில் வருவதும் வழக்கம். இதில் உபயோகமான பதில் எது தெரியுமா? "கருத்துரு ஏதும் பெறப்படவில்லை" என்பதுதான். கருத்துரு என்றால் ஒரு வேலைக்காகத் துறை அலுவலகம் தயாரித்து மேலே அனுப்பும் முன்மொழிவு. கேட்டவருக்கு முகம் சுருங்கும். ஆனால் கோப்பு எங்கே நிற்கிறது என்பதை, அதாவது கோப்பே பிறக்கவில்லை என்பதை, அரசே சொல்லிவிடுகிறது. உடனே சம்பந்தப்பட்ட துறையின் உதவிப் பொறியாளரிடம் போய்க் கருத்துருவைத் தயார் செய்ய வைக்க வேண்டும். அது செயற்பொறியாளர் வழியாகச் சென்னைக்குப் போனபின் மானியக் கோரிக்கையில் (துறைவாரி நிதி ஒதுக்கீட்டு விவாதம்) மறுபடி பேசினால் அமைச்சரிடம் சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கும். அமைச்சர் அவையில் உறுதி கொடுத்துவிட்டால் அது, அப்படிக் கொடுத்த உறுதிகளைக் கண்காணிக்கும் சட்டமன்ற உறுதிமொழிக் குழுவின் பட்டியலில் ஏறும். ஏறியதா என்று பார்ப்பதும் எம்.எல்.ஏ.வின் உதவியாளரான பி.ஏ.வின் வேலை. மேலே முழங்குகிறவர்களுக்குக் கைதட்டல் கிடைக்கும். கீழே ஒரு உதவிப் பொறியாளரை மாதம் இரண்டு முறை போய்ப் பார்ப்பவருக்குத்தான் பாலம் கிடைக்கிறது.

2021 தேர்தலில் தருமபுரியின் 5 தொகுதிகளிலும் ஆட்சிக்கு வந்த தி.மு.க. கூட்டணிக்கு ஒரு எம்.எல்.ஏ.கூடக் கிடைக்கவில்லை. 2022 ஆகஸ்டில் முதல்வர் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியின் 10 முக்கியக் கோரிக்கைகளை 15 நாட்களுக்குள் கலெக்டரிடம் கொடுக்கச் சொன்னார். எதிர்க்கட்சித் தொகுதிக்கு அது அபூர்வமான வாய்ப்பு. பட்டியல் போடுவதில்தான் சூட்சுமம். "மலைக் கிராமங்களுக்குச் சாலை வசதி" என்று ஒற்றை வரியில் எழுதினால் "சாத்தியக்கூறு இல்லை" என்று ஒற்றை வரியிலேயே பதில் வரும். எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை, எத்தனை கிலோமீட்டர், எந்தத் துறைச் சாலை, நிலம் யாருடையது என்று எழுதினால் அதிகாரி தட்டிக்கழிக்க யோசிப்பார். பத்தில் குறைந்தது மூன்றாவது ஏற்கனவே கருத்துரு போன வேலைகளாக இருக்க வேண்டும்.

எம்.எல்.ஏ. இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இதே மாவட்டம் சாட்சி. 2017 செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கம் செய்யப்பட்ட, டி.டி.வி. தினகரன் பக்கம் நின்ற 18 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களில் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி உறுப்பினர்களும் இருந்தனர். இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரல் 18இல். ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலமோ 2016 அக்டோபரிலேயே முடிந்திருந்தது. உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான். ஒன்றரை வருடத்துக்கும் மேலாக அந்த இரண்டு தொகுதிகளின் கிராமங்களில் எம்.எல்.ஏ.வும் இல்லை, வார்டு உறுப்பினர்கூட இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல, தலைவருக்குப் பதிலாக அரசு போட்ட தனி அலுவலரைத் தேடிப் போக வேண்டும். அவர் பல ஊராட்சிகளுக்குச் சேர்த்துப் பொறுப்பு. கட்சி மேலிடச் சண்டையின் செலவு எங்கே விழுகிறது என்பதைச் சென்னைத் தொலைக்காட்சி விவாதங்களில் யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கல்யாணத்துக்கு வராததை மறப்பார்கள், சாவுக்கு வராததை மறக்கமாட்டார்கள். அதனால் காலை நிகழ்ச்சி நிரலில் ஒரு மணி நேரமாவது காலியாக விட வேண்டும்.

கடைசி வருடத்தில் பலரும் தவறுவது நாட்காட்டியில். தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்தால், பணி ஆணை கையில் இருந்தாலும் களத்தில் வேலை தொடங்கியிருக்காவிட்டால் தொடங்க முடியாது. 2021இல் அது பிப்ரவரி 26 அன்றே வந்துவிட்டது. ஆகவே கடைசி நிதியாண்டின் பரிந்துரைகள் ஜூன், ஜூலைக்குள் கலெக்டர் அலுவலகம் போய்ச் சேர வேண்டும். மழைக்காலம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் டிசம்பரில் டெண்டர், பிப்ரவரியில் பணி ஆணை, ஜல்லி இறங்கும் முன் தேர்தல்.

தோற்றால் தொகுதி அலுவலகக் கட்டடத்தைப் புதியவரிடம் ஒப்படைக்க வேண்டும். மனுப் பதிவேட்டை ஒப்படைக்க எந்த விதியும் இல்லை, பழைய பி.ஏ. வீட்டுப் பரணில் கிடக்கும். புதிதாக வருபவர் ஊரக வளர்ச்சி முகமையில் முடியாத வேலைகளின் பட்டியலையும், ஒவ்வொரு துறையின் கோட்ட அலுவலகத்திலும் சென்னைக்குப் போயிருக்கும் கருத்துருக்களின் நகலையும் முதல் மாதத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மூன்று வருடம் நகர்ந்து வந்த கோப்பு ஒன்றுக்குப் பக்கத்திலேயே, அதே பாலத்துக்கு இன்னொரு மனு முதலிலிருந்து கிளம்பும்.