பேசும் போனும் பெயரில்லாத பட்டன்களும்

போனில் எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கண்ணாடிக் கடைக்காரர், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், மைத்துனர் என எல்லோருக்கும் அதே யோசனை. எனக்கு இருப்பது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டே வரும் பரம்பரை நோய். முதலில் இருட்டில் தெரியாது, அப்புறம் பக்கவாட்டில் தெரியாது, கடைசியில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். இந்தக் கண்ணுக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் தொல்லை கூடும். ‘வங்கிக் கணக்கு’ என்று எழுதியிருந்தால் ‘வங்’ மட்டும் தெரியும். மிச்சத்தைத் தேடிக் கண்ணை நகர்த்துவதற்குள் எந்த வரியில் இருந்தேன் என்பது மறந்துபோகும். எனக்கு வேண்டியது சுமாரான அளவில், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து.

போனில் அதற்கும் வழி இருக்கிறது. அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் போய் நிறங்களைத் தலைகீழாக்கினால் வெள்ளைத் திரை கறுப்பாகிவிடும். கூடவே புகைப்படங்களும் தலைகீழாகும். என் மகள் அனுப்பிய படத்தில் அவள் முகம் பழைய பிலிம் நெகட்டிவாகத் தெரிந்தது. டார்க் மோடு இதைவிடப் பரவாயில்லை. ஆனால் அதை மதிக்காத செயலிகள் நடுவில் பளீரென்று வெள்ளைத் திரையைக் காட்டும், ஒரு நிமிடத்துக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். சாயங்காலம் ஆனால் தலைவலி இல்லாத நாளே இல்லை என்ற நிலை வந்தபோதுதான் மதுரையில் ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் பேசினேன். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. என்னைவிட வேகமாகப் போனைப் பயன்படுத்துவார்.

“அண்ணே, தெரியிற மட்டும் பாத்துக்கலாம்னு நினைக்காதீங்க. திரையை அணைச்சுப் போட்டுப் பழகுங்க. கொஞ்சம் தெரிஞ்சாலும் கண்ணு முந்திக்கிட்டுப் போகும், காது பழகாது” என்றார்.

அவர் சொன்னது டாக்பேக்கை. ஆண்ட்ராய்டு போன்களில் 2009 முதல் இருக்கிற திரைவாசிப்பான் அது. தனியாக வாங்க வேண்டியதில்லை, பெரும்பாலான போன்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதை இயக்கியதும் தொடும் முறையே மாறிவிடும். ஒரு முறை தொட்டால் திறக்காது, அங்கே என்ன இருக்கிறது என்று வாசிக்கும். திறக்க இரண்டு முறை தட்ட வேண்டும். வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது. திரையை மேலே நகர்த்த இரண்டு விரல் வேண்டும். இது தெரியாதவர் கையில் போன் போனால் ‘ஹேங் ஆகிவிட்டது’ என்றுதான் சொல்வார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒலி கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் டாக்பேக் வரும், அதேபோல அழுத்தினால் போகும் என்ற குறுக்குவழி பல போன்களில் உண்டு. சட்டைப் பையில் தெரியாமல் அழுந்தி, “போன் தானா பேசுது” என்று பதறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் கடைக்குக் கொண்டுபோக, சாஃப்ட்வேர் போட வேண்டும் என்று காசு கேட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு பொத்தானை நான் அழுத்திக் காட்டினேன், சரியாகிவிட்டது.

முதல் சில வாரங்கள் கொடுமை. அழைப்பு வரும், எடுக்கும் பட்டனைத் தேடுவதற்குள் நின்றுவிடும். மேலாளர் அழைப்பையெல்லாம் இப்படித் தவறவிட்டேன். திரையில் எங்கு வேண்டுமானாலும் இரண்டு விரலால் இரண்டு முறை தட்டினால் அழைப்பை எடுக்கலாம், வைக்கலாம் என்று மதுரை நண்பர் சொன்ன பிறகுதான் நிம்மதி. இதை முதல் பாடமாகவே சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

அடுத்து, குரல். போனில் முதலில் இருந்தது ஆங்கிலக் குரல். அது தமிழ்ச் செய்திகளைச் சத்தமில்லாமல் தாண்டிப் போனது. செய்தியே வரவில்லை என்று நான் நினைத்திருந்த நாட்கள் உண்டு. தமிழ்க் குரலைப் போட்டதும் வேறு வேடிக்கை. ஓடிபி வந்தால் “நான்கு லட்சத்து முப்பத்தேழாயிரத்து...” என்று ஆரம்பிக்கும். அதை ஒவ்வோர் எண்ணாகப் பிரித்து மனதில் வாங்குவதற்குள் நேரம் முடிந்திருக்கும். வாசிப்பை எழுத்து எழுத்தாக மாற்றி, விரலைக் கீழே தள்ளித் தள்ளிக் கேட்டால் சரியாக வரும். அது கைக்கு வர எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. தட்டச்சில் இன்னொரு சங்கடம்: விசையில் விரல் வைத்தால் ‘ந’வும் ‘ன’வும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன, ‘ர’வும் ‘ற’வும் அப்படியே. எது எந்த மூலையில் இருக்கிறது என்று விரல்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குரல்வழித் தட்டச்சு வீட்டுக்குச் சரி. நூல் விலையை அலுவலகத்தில் உரக்கச் சொல்லியா எழுத முடியும்?

இவ்வளவையும் கடந்துவிட்டால் டாக்பேக் நல்ல கருவி. அதை நான் குறை சொல்ல மாட்டேன். குறையெல்லாம் செயலிகளில். திரைவாசிப்பான் ஒரு பட்டனை வாசிக்க வேண்டுமானால் அந்தப் பட்டனுக்கு உள்ளே ஒரு பெயர் எழுதியிருக்க வேண்டும். வெளியே வண்டிப் படமோ வீட்டுப் படமோ வரைந்துவிட்டு, செயலியை எழுதியவர் அந்த ஒரு சொல்லை எழுதாமல் விட்டால் எனக்குக் கேட்பது “அன்லேபிள்ட், பட்டன்”. அடுத்ததும் “அன்லேபிள்ட், பட்டன்”. ஒரு செயலியில் வரிசையாக அப்படியே இருந்தது. எது பணம் கட்டுவது, எது ரத்து செய்வது என்று தெரியாமல் எதைத் தட்டுவது? டாக்பேக்கிலேயே சில பட்டன்களுக்கு நாமாகப் பெயர் வைத்துக்கொள்ளலாம். நான் வைத்தேன். செயலியின் அடுத்த புதுப்பிப்பில் எல்லாம் போய்விட்டது.

மிக மோசமாக அனுபவப்பட்டது ஒரு வங்கிச் செயலியிடம். அதன் எண்பலகையில் எண்கள் ஒவ்வொரு முறையும் இடம் மாறும். பின்னால் நின்று பார்ப்பவர் கண்டுபிடிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. நியாயம்தான். ஆனால் எந்த எண்ணில் விரல் வைத்தாலும் “பட்டன்” என்று மட்டும் வாசித்தது. கடைசியில் மகளிடம் ரகசிய எண்ணைச் சொல்லி அடிக்கச் சொன்னேன். ரகசிய எண்ணை வீட்டாரிடம்கூடச் சொல்லாதீர்கள் என்று குறுஞ்செய்தி அனுப்புவதும் அதே வங்கிதான். இன்னொரு செயலி, அணுகல்தன்மை அனுமதி பெற்ற வேறொரு வாசிப்புச் செயலி என் போனில் இருந்ததால் திறக்கவே மறுத்தது. அந்த அனுமதியைப் பயன்படுத்தித் திரையில் இருப்பதைத் திருடும் மோசடிச் செயலிகள் இருப்பது உண்மை. அதற்காகக் கதவையே சாத்தினால் நாங்கள் எந்த வழியாக வருவது?

அப்புறம் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் யார் என்று வங்கி சரிபார்க்கும் நடைமுறை. “முகத்தை வட்டத்துக்குள் வைக்கவும்” என்றது. வட்டம் எங்கே என்று சொல்லவில்லை. கொஞ்சம் இடமா, மேலா என்று சொன்னாலே போதும், சொல்லவில்லை. இந்த இடத்தில் கைகொடுத்தது சட்டம். 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமில வீச்சுக்கு ஆளாகி, கேஒய்சியில் கேட்கிறபடி கண் இமைத்துக் காட்ட முடியாதவர்களும், பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. இணையவழிச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லி, கேஒய்சி நடைமுறையை மாற்றுத்திறனாளிகளும் செய்யக்கூடியதாக மாற்ற 20 உத்தரவுகளை நீதிமன்றம் கொடுத்தது. செய்தியை அச்செடுத்துக் கிளைக்குக் கொண்டுபோனேன். மேலாளர் படித்துப் பார்த்துவிட்டு, “இது தெரியாதுங்க சார், உக்காருங்க” என்று காகிதப் படிவத்திலேயே முடித்துக் கொடுத்தார். செயலியில் இன்னும் அதே வட்டம்தான்.

கடைகளில் எதிர்பாராமல் உதவுவது, கல்லாவில் இருக்கும் சவுண்ட் பாக்ஸ். கடைக்காரருக்காக வைத்தது, தொகையை உரக்கச் சொல்வதால் சரியாகத்தான் அனுப்பியிருக்கிறேனா என்று எனக்கும் உறுதியாகிவிடுகிறது. கியூஆர் அட்டை எங்கே தொங்குகிறது என்று கேமராவை வைத்துத் துழாவுவதற்குப் பதில் கடைக்காரரின் எண்ணைக் கேட்டு அனுப்பிவிடுவேன். பின் எண் போடும்போது காதில் இயர்போன் வேண்டும், இல்லையென்றால் விரல் படும் எண்ணைப் போன் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லக்கூடும். புளூடூத்தில் குரல் சற்றுத் தாமதமாக வந்து விரலோடு ஒட்டாது. அதனால் வயர் போடும் துளை இருக்கும் போனாகத் தேடி வாங்கினேன், கடைகளில் அது அரிதாகிவிட்டது.

பேருந்து முன்பதிவுச் செயலி ஒன்றுக்கு எழுதியிருந்தேன். எந்தத் திரையில் எந்தப் பட்டனுக்குப் பெயர் இல்லை என்று குறிப்பிட்டு, டாக்பேக் வாசிப்பதைப் பதிவு செய்தும் அனுப்பினேன். பதில் வரவில்லை, ஆனால் பணம் கட்டும் பட்டன் இப்போது தன் பெயரைச் சொல்கிறது. இருக்கை வரைபடம் மட்டும் ஊமையாகவே இருக்கிறது, எது ஜன்னலோரம், எது காலி என்று தெரியவில்லை. அதற்கு இரண்டாவது மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். இப்போதைக்கு மதுரை போக வேண்டுமென்றால் பேருந்து அலுவலகத்துக்கே போன் செய்து இடம் சொல்லிவிடுகிறேன்.