மெரினாவுக்குப் போன மணல் போக மிச்சம்

கடற்கரையில் நடக்கணும்னா சென்னைக்குத் தெற்கே போகும் ஈ.சி.ஆர். சாலைதான் என்று யார் முடிவு செய்தார்கள் என்று தெரியவில்லை. காபிக்கு 180 ரூபாய், பார்க்கிங்குக்குத் தனிச் சண்டை. வடசென்னைக்காரர்களே, நமக்கு மேலே பழவேற்காடு இருக்கிறது. உப்புச் சேறு, சவுக்குத் தோப்பு, மணல்மேடு மூன்றையும் ஒரே காலையில் நடந்தே பார்த்துவிடலாம். போய்வந்த சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினால் பொன்னேரிக்குப் பத்து ரூபாய். வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். எண்ணூர் தாண்டியதும் கொசஸ்தலை ஆறு, அப்புறம் உப்பளம், அதற்கும் பின்னால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். இவ்வளவுதான் வடசென்னைக் கடற்கரை என்று பலரும் நினைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

பொன்னேரியில் ஆரம்பித்தது கொடுமை. பழவேற்காடு பஸ் எப்போது என்று யாரைக் கேட்டாலும் "இதோ வந்துடும்" என்கிறார்கள். முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. ஏறியவர்களில் பாதிப் பேர் கையில் காலி மீன் கூடை. எனக்குக் கிடைத்த சீட்டில் பஞ்சு கிடையாது, தகரம் மட்டும்தான். ஒவ்வொரு பள்ளத்தையும் இடுப்பெலும்பு தனித்தனியாக எண்ணியது. சரி, பஸ் டிக்கெட் விலைக்கு இதற்கு மேல் கேட்கக்கூடாது. ஆனால் இறங்கியதும் ஒரு ஆட்டோக்காரர் வந்து, லைட் ஹவுஸுக்கு 250 ரூபாய் என்றார். அங்கே போகும் பாலம் கண்ணெதிரே தெரிகிறது! "அதோ தெரியுதே அண்ணா" என்றேன். "தெரியும், ஆனா தூரம் சார்" என்றார். நடந்தேன். வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். யாரும் ஏமாற வேண்டாம்.

பாலத்தின் மேல் நின்றால் இரண்டு பக்கமும் ஏரி. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்புநீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. நான் போனது ஜனவரி. தூரத்தில் ஒரு வெளிர் ரோஸ் கோடு தெரிந்தது, பூநாரைக் கூட்டம். பைனாகுலர் இல்லாவிட்டால் கோடாகவே பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

எனக்கு அதைவிடப் பிடித்தது பாலத்துக்குக் கீழே நடந்தது. நாலைந்து பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது. பறி என்கிற பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். கை சேற்றில் ஒரு நொடி நிற்கிறது, மேலே வருகிறது, பறிக்குள் ஏதோ துள்ளுகிறது. ஒருவரும் தலை நிமிரவே இல்லை.

ஏரிக்கரைச் சேற்றில் உமரிச் செடி சிவப்பும் பச்சையுமாகப் படர்ந்திருக்கிறது. இலை உருண்டையாக, சதைப்பற்றாக இருக்கும். ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டேன், அப்படியே உப்பு. சேற்றில் இறங்குவதென்றால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சேறே எடுத்துக்கொள்ளும்.

லைட் ஹவுஸ் தாண்டி, கடலை இடது கைப்பக்கம் வைத்துத் தெற்கே நடந்தால் சவுக்குத் தோப்பு. உள்ளே நுழைந்ததும் வெயில் சட்டென்று குறைகிறது. காற்று சவுக்குக்குள் புகுந்தால் வரும் 'உஸ்ஸ்' சத்தத்தில் அலைச் சத்தம் எது, மரத்துச் சத்தம் எது என்று பிரிக்க முடியவில்லை. நாம் இலை என்று நினைக்கும் அந்த ஊசி உண்மையில் மெல்லிய கிளைதான். நிஜ இலை ஒவ்வொரு கணுவிலும் பொடிச் செதிலாக ஒட்டிக்கொண்டிருக்கும். கணுவில் பிடுங்கி, திரும்பச் சொருகி, "எங்கே உடைச்சேன் சொல்லு" என்று விளையாடியிருப்பீர்களே, அதே ஊசி. மரம் ஆஸ்திரேலியா பக்கத்திலிருந்து வந்தது. 19-ம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று நம் கரையோரமெல்லாம் நட்டார்கள். இப்போது தோப்புக்குள் விறகைவிட உடைந்த பீர் பாட்டில்தான் அதிகம். குடிக்கிறவர் குடிக்கட்டும், பாட்டிலை ஏன் உடைக்க வேண்டும்? வெறுங்காலோடு போகவே போகாதீர்கள்.

தோப்புக்கு வெளியே மணல்மேடு. நம்ம பக்கத்தில் மணலைப் பார்ப்பதே அதிசயம். இந்தக் கடலில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 19-ம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவரை நீட்டியதும், வர வேண்டிய மணல் தெற்கிலேயே தேங்கி மெரினா அகலமாகிவிட்டது. ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை நமக்குக் கிடைத்தது கடல் அரிப்பும் கருங்கல்லும். மெரினாவில் சுண்டல் தின்னும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடுப்பு உண்டு.

மேட்டில் அடப்பங்கொடி ஊதாப் பூவோடு மணலை இறுக்கிப் பிடித்திருக்கிறது. ராவணன் மீசை என்கிற முள்ளுப் புல் கெண்டைக்காலில் குத்தும், பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள். தெற்கே போகப் போகக் கரை குறுகுகிறது. ஓரிடத்தில் சவுக்கு வேரோடு சாய்ந்து அலையில் கிடந்தது. இன்னும் கீழே காட்டுப்பள்ளித் துறைமுகம். அதை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டத்தை மீனவக் குப்பங்கள் ஏன் எதிர்க்கின்றன என்பதற்கு அந்த மரமே போதும். பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

சாப்பாடு! வழி, நேரம் எல்லாம் வரிசையாகச் சொல்ல நினைத்தேன், நண்டு நினைவுக்கு வந்துவிட்டது. பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு வீட்டுக் கடை. மடவை மீன் குழம்போடு சோறு 100 ரூபாய், நண்டு மசாலா தனியாக 150. மிளகும் பூண்டும் தூக்கலாக, ஓட்டுக்குள் விரலை விட்டு வழிக்க வழிக்க வந்தது. "இன்னும் கொஞ்சம் சாறு ஊத்தவாப்பா?" என்று அந்தம்மா கேட்டதற்குக் காசு வாங்கவில்லை. ஆட்டோவில் மிச்சம் பிடித்த 250 அப்படியே வயிற்றுக்குள் போய்விட்டது.

திரும்பும்போது அரை கிலோ நெத்திலிக் கருவாடு 200 ரூபாய்க்கு வாங்கினேன். நாலு கவர் சுற்றியும் லோக்கல் பெட்டி முழுக்க மணந்தது. எதிர் சீட்டு அம்மா விலையைக் கேட்டுவிட்டு, "காசிமேட்டுல இதை நூத்தம்பதுக்குத் தருவானேப்பா" என்றார்.