படகு போகாத நாளில் ரக்பி லீக்: தொண்டியிலிருந்து சாயல்குடி வரை

தொண்டிக் கரையில் அலை என்று சொல்லிக்கொள்ள பெரிதாக ஒன்றும் கிடையாது. பாக் விரிகுடா குளம் மாதிரிக் கிடக்கும். ரக்பி லீக் ஆட இடம் பார்த்து வருகிறவருக்கு முதல் ஏமாற்றம் இங்கேதான். தண்ணீர் ஓரத்தில் கால் சேற்றில் புதையும், நாலு எட்டு மேலே ஏறினால் சீமைக்கருவேலம். நடுவே இருக்கிற நல்ல மணலில் வலை காய்கிறது, கருவாடு காய்கிறது. அது சும்மா கிடக்கிற இடமில்லை, ஊரின் தொழிற்கூடம். ஊர்த் தலைவரைப் பார்த்துப் பேசாமல் அங்கே பந்தைத் தரையில் வைக்கக்கூடாது.

இது எந்த ரக்பி என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். 2016 முதல் ஒலிம்பிக்கில் இருப்பது ரக்பி யூனியன் என்ற இன்னொரு வகையின் 7 பேர் ஆட்டம். நம் நாட்டில் பள்ளிப் போட்டியும் பயிற்சியும் பெரும்பாலும் அதன் பக்கம்தான். லீக் வேறு. பக்கத்துக்கு 13 பேர். பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்து நிறுத்துவது டேக்கிள். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள். அதற்குள் புள்ளி எடுக்காவிட்டால் பந்து எதிரணிக்கு. எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது ட்ரை, அதற்கு 4 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பிக்கு மேலே உதைக்கும் கோலுக்கு 2, ஆட்டத்தின் ஓட்டத்தில் பந்தைத் தரையில் விட்டு உதைக்கும் டிராப் கோலுக்கு 1. பந்தைக் கையால் முன்னே எறிய முடியாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான்.

இந்த ஆட்டம் பிறந்ததே கூலித் தகராறில். வட இங்கிலாந்தில் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் போகிறவர்கள் சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும். அதை ஈடுகட்டப் பணம் கொடுக்கக்கூடாது என்று லண்டன் மேலிடம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கிளப்புகள் கூடிப் பிரிந்தன. இழந்த நாளுக்கு 6 ஷில்லிங் என்று பேசி முடித்தார்கள். 1906இல் 15 பேரை 13 ஆகக் குறைத்தார்கள். கூலிநாள் கணக்கு பார்க்காமல் ராமேசுவரத்தில் அட்டவணை போடுகிறவர் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

காரணம், ராமேசுவரத்து விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கிளம்புகின்றன: திங்கள், புதன், சனி. போனது மறுநாள் காலையில்தான் திரும்பும். வேறு ஊரில் சனி, ஞாயிறு என்றால் விளையாட்டு நாள். இங்கே சனிக்கிழமை பயிற்சி வைத்தால் வருவது பள்ளிப் பிள்ளைகள் மட்டும். ஞாயிறு காலை தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் கோயில் பூசை, வந்த படகின் மீன் கணக்கு, பிறகு தூக்கம். மிஞ்சுவது வியாழன் மாலையும் வெள்ளி மாலையும். ஆட்டம் வெள்ளி மாலை ஐந்துக்கு. கீழக்கரை அணி வருவதானாலும் ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுக் கிளம்ப நேரம் இருக்கும்.

அணி தொடங்க ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுக்காரர்கள் எல்லாரும் கரையில்தான். வாரம் மூன்று முறை வைத்தால் இருபத்தைந்து பயிற்சிக்குக் குறையாது, புதிய ஆட்டம் கற்க அது தாராளம். ஆனால் அந்த இரண்டு மாதமும் வீட்டில் வருமானம் கிடையாது. பேருந்துக் காசு, பனியன் காசு என்று கேட்ட மறுநாள் பாதிப் பேர் வரமாட்டார்கள். இரண்டையும் கேட்காமல், பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு இரண்டு அவித்த முட்டையும் ஒரு கை சுண்டலும் கொடுத்தால் கூட்டம் நிற்கும். ஜூன் 15இல் படகு கிளம்பியதும் அணி கரைவது போலத் தெரியும். வியாழன், வெள்ளிக்கு மாறப்போகிறோம் என்று மே மாதத்திலேயே சொல்லி வைத்தால் கரையாது.

ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் சாலையில் உச்சிப்புளி தாண்டி அரியமான் கடற்கரை வரும். சவுக்குத் தோப்பு நிழல், வடக்கே பார்த்த அமைதியான கடல். ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்குக் கரையில் காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கும்போது இந்த வடகரைதான் புகலிடம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, வாடை. அப்போது எங்கேயும் அட்டவணை போட வேண்டாம். தனுஷ்கோடி மணல் கண்ணுக்கு அகலமாக இருக்கும். பார்த்துவிட்டு வரலாம், ஆட முடியாது. பாஸ் எல்லாம் காற்றோடு போய்விடும்.

கடற்கரையில் முழு மைதானம் கிடைக்காது. விதிப்படி ட்ரை கோட்டிலிருந்து ட்ரை கோடு 100 மீட்டர், அகலம் 68 மீட்டர். இந்தக் கடலில் ஏற்ற இறக்கம் குறைவு, ஆகவே கெட்டியான ஈர மணல் ஒரு ஒடுங்கிய பட்டைதான். அதில் பாஸ் பயிற்சி மட்டும் வைத்துவிட்டு, மேல் மணலில் 50க்கு 30 மீட்டரில் டச் ஆடலாம். இது லீக் ஆட்டக்காரர்களின் பயிற்சியிலிருந்து 1960களில் சிட்னியில் வளர்ந்த ஆட்டம்: பக்கத்துக்கு 6 பேர், டேக்கிளுக்குப் பதில் கையால் தொடுவது, ஆறு தொடுகை. புதியவர்களுக்குத் தடுக்கும் அணி 5 மீட்டர் பின்வாங்கினால் போதும். தொடப்பட்டவர் பந்தைத் தரையில் வைத்துக் காலடிக்குப் பின்னால் உருட்ட வேண்டும். உலர் மணலில் பந்து உருளாது, வைத்த இடத்தில் அமிழும். அதை வைத்துச் சண்டை வரும். பந்தை வைத்துவிட்டுத் தாண்டிப் போனால் சரி என்று முதல் நாளே விதி வைத்துவிடுங்கள்.

கோடு போட நீறு வேண்டாம். காற்றில் பறந்து கண்ணில் விழுந்தால் எரிச்சல், சுண்ணாம்பென்றால் புண். கயிறு கட்டினால் கால் தட்டும். மண்வெட்டி முனையால் இழுத்த பள்ளமும், மூலைக்கு ஒன்றாகப் பழைய வலை மிதவையும் போதும். டேக்கிளுக்குப் பதில் எதிராளியின் இடுப்புப் பட்டையை உருவுவது டேக் ஆட்டம். அதற்கு இடுப்பில் செருகும் பட்டை தேவை: 40 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலத்தில் கிழித்த பழைய கைலித் துணி, இரு பக்கமும் ஒவ்வொன்று. முடிச்சுப் போட்டால் இழுப்பில் விரல் மாட்டும், செருக மட்டும் செய்ய வேண்டும். வலை நைலான் கயிறு கைக்கு எளிதாகக் கிடைக்கும், ஆனால் விரலை அறுத்துவிடும்.

ஆட்டத்துக்கு முன் தரையைச் சுத்தம் பார்க்கும் வேலையைச் சோம்பேறித்தனமாகச் செய்யாதீர்கள். எல்லாரும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் வரிசையாக நின்று ஒருமுறை நீளவாக்கில், ஒருமுறை குறுக்கே நடக்க வேண்டும். மணலில் தூண்டில் முள், சிப்பி ஓடு, பாட்டில் சில்லு, சமயத்தில் காய்ந்த திருக்கை முள். உள்நாட்டில் கருவேல முள். அது செருப்பைத் தாண்டி ஏறும். கருவேலத்தை வெட்டிய இடம் இன்னும் மோசம். சாய்வாக வெட்டிய தூர் புல்லுக்குள் ஈட்டி மாதிரி நிற்கும், வேரோடு எடுக்காவிட்டால் மறுபடியும் துளிர்க்கும். கோடையில் வற்றிய கண்மாய் சமதளமாகத் தெரிந்து ஆசை காட்டும். களிமண் வெடிப்பில் கால் இறங்கினால் கணுக்கால் போச்சு. மண் கலந்திருக்கும் கரையோரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கும் அனுமதி கேட்டுத்தான்.

டேக்கிள் கற்றுக்கொடுக்க இந்த மாவட்டத்தில் ஆள் தேட வேண்டியதில்லை. கபடி இல்லாத ஊர் எது? கணுக்கால் பிடி, தொடைப் பிடி, இரண்டு பேர் சங்கிலி எல்லாம் தயாராக வருகிறது. மாற்றிக்கொள்ள வேண்டியவை மூன்று. தொடைக்குப் பாய்கிறவர் தலையை எதிராளிக்கு முன்னால் கொண்டுபோவார். ஓடிவரும் முழங்கால் நேரே நெற்றியில் இடிக்கும். தலை எப்போதும் பின்பக்கம், கன்னம் எதிராளியின் இடுப்புக்குப் பக்கமாக. அடுத்து, கபடியில் பிடித்தவர் பாடுகிறவரின் மூச்சு போகும்வரை விடமாட்டார். லீக்கில் நடுவர் சொன்னதும் விட வேண்டும், இல்லையென்றால் பெனால்டி. முதல் இரண்டு வாரம் இதில்தான் பாதி நேரம் போகும். மூன்றாவது, பாடிப் போனவர் தொட்டுவிட்டுத் தன் பக்கம் ஓடிவருவார், அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். இங்கே முன்னால் ஓடி, பின்னால் எறிய வேண்டும். டேக்கிள் பயிற்சி முதலில் முழங்காலில் நின்று, பிறகு நடந்து, பிறகு மெதுவோட்டத்தில். மூன்றாம் வாரத்துக்கு முன் வேக ஓட்டத்தில் டேக்கிள் வேண்டாம். தோளுக்கு மேலே கை போனால் ஆட்டத்தை நிறுத்திச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டவர் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்றாலும் அன்று திரும்ப இறங்கக் கூடாது, இதில் அவர் சொல்வதைக் கேட்கவே கேட்காதீர்கள்.

நேரம் காலை 5:45 முதல் 7:15, அல்லது மாலை ஐந்துக்கு மேல். 20 பேருக்கு 25 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு தலை தட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பை அள்ளிப் போட்டால் வாந்திதான்.

பெண்கள் அணிக்கு டேக் ஆட்டம் சுலபமாகப் பிடிபடும். பிரச்சினை பெரும்பாலும் ஆட்டத்துக்கு வெளியே: கழிப்பறை, உடை, இருட்டுமுன் வீடு. மாலை ஆறுக்கு முடித்தால் அம்மாக்கள் அனுப்புவார்கள். 2022இல் இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பையில் ஆண், பெண், சக்கர நாற்காலி மூன்றும் ஒரே தொடராக நடந்தன. சொன்னால் உடற்கல்வி ஆசிரியர்கள் காது கொடுப்பார்கள்.

பழைய ஊர்களுக்கு வெளியே ஆட்டம் பரவிய கதைகளில் இரண்டு இங்கே பொருந்தும். கனடாவின் டொராண்டோ அணி 2017இல் வெளியூர் ஆட்டக்காரர்களை வைத்துத் தொடங்கி, 2020இல் இங்கிலாந்தின் மேல்மட்டப் போட்டியான சூப்பர் லீக் ஏறிய அதே ஆண்டு கொரோனாவில் விலகிவிட்டது. பிரான்சின் பெர்பிஞ்ஞானில் 1934 முதல் ஊர்க் கிளப்புகள். 1941இல் விஷி அரசு ஆட்டத்தையே தடை செய்து சொத்தையும் பறித்தது. கிளப்புகள் மீண்டு வந்தன. அவற்றில் இரண்டு இணைந்து உருவான கேட்டலன்ஸ் டிராகன்ஸ் அணி 2006இல் சூப்பர் லீக்கில் நுழைந்து, 2018இல் இங்கிலாந்தின் நாக் அவுட் போட்டியான சேலஞ்ச் கோப்பையைத் தூக்கியது. ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கில் ஒரு பெரிய காட்சி ஆட்டம் வைத்துப் படம் எடுப்பதைவிட, பாம்பனிலும் ஏர்வாடியிலும் வாலிநோக்கத்திலும் ஊருக்கு இரண்டு பந்து கொடுப்பது மேல் என்பது எங்கள் கட்சி.

பெரியவர்களுக்கு 5 ஆம் எண் பந்து, பத்து, பன்னிரண்டு வயதுக்கு 4. கடல் தண்ணீர் பட்ட பந்தை அன்றே நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவைக்காவிட்டால் மேல்புள்ளிகள் தேய்ந்து வழுக்கும், காற்றுவாயில் மணல் அடைத்துக்கொள்ளும். சாயல்குடி போகிற பேருந்தில் ஏறும்முன் ஊருக்கு ஒருவரிடம் அதைச் செய்து காட்டிவிடுங்கள். பந்தைப் பள்ளி அலமாரியில் பூட்டி வைக்கச் சொல்லாதீர்கள். சாவி வைத்திருப்பவர் லீவில் போனால் அந்த வாரம் ஆட்டம் இல்லை. கடலுக்குப் போகாத ஒரு வீட்டில், திண்ணையில் இருக்கட்டும்.