படம் பார்க்கலாமா என்று கேட்பவர்கள்

சென்னையில் ஒரு திருச்சபையின் வாலிபர் ஊழியத்தில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். எங்கள் ஐக்கியத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து வந்து, பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள். ஊரில் ஞாயிறு பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி, விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட்டு சபையின் முழு அங்கத்தினராகும் திடப்படுத்தல் என்று எல்லாவற்றையும் முறையாகக் கடந்தவர்கள். இங்கே விடுதி அறையில் நள்ளிரவு வரை கைபேசியில் படம் பார்ப்பவர்களும் அவர்களே.

புதிதாக வருகிறவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது, "அண்ணா, சினிமா பாக்குறது பாவமா?" என்பதுதான். என்ன படம், அதில் எது உறுத்தியது என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். பேச்சு சிறிது நேரத்தில் காதலுக்கு வந்துவிடும். வேண்டாம் என்று சொன்ன பெண்ணை விடாமல் பின்தொடர்ந்து மனம் மாற்றும் கதாநாயகனை எங்கள் கூட்டத்துப் பெண்கள் அலசும் விதம், சினிமாவுக்கு எதிராக நான் கேட்ட பிரசங்கங்கள் எதிலும் இல்லாத கூர்மை உடையது. அவர்கள் அதைத் தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள். சபை இதில் வாய் திறந்ததில்லை. உன்னதப்பாட்டு என்று காதலைப் பாடும் எட்டு அதிகாரம் கொண்ட ஒரு நூலே வேதத்தில் இருக்க, "நேசம் மரணத்தைப்போல் வலிது" என்ற வசனம் கிறிஸ்துவுக்கும் சபைக்கும் உள்ள உறவாக மட்டுமே அவர்களுக்கு விளக்கப்பட்டிருக்கிறது.

ஆராதனையில் சினிமா மெட்டு நுழைந்துவிட்டது என்று மூத்தவர்கள் வருந்தும்போதெல்லாம் எனக்குக் கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) நினைவுக்கு வருவார். அரசவையிலும் கோயிலிலும் ஆடப்பட்டு வந்த, குறத்தி குறி சொல்லும் நாட்டிய நாடகமான குறவஞ்சி வடிவத்தைத் தயக்கமின்றி எடுத்து அவர் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். இதைச் சொன்னால் வாலிபர்கள் மகிழ்ந்துபோவார்கள். ஆனால் அதே சாஸ்திரியார், சாதி வேறுபாட்டை விட்டுவிட வேண்டும் என்று மிஷனெரிகள் வற்புறுத்தியபோது சாதி வழக்கத்துக்காக வாதாடி எழுதினார் என்பதையும் நான் சேர்த்தே சொல்வேன். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபைகள் உடனே கைவிட வேண்டும் என்று கட்டளையிட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். ஊர்ப் பாட்டும் கூத்தும் பலிபீடம் வரை வருவதைப் பொறுத்துக்கொண்டவர்களால் பக்கத்து இருக்கைக்காரரைப் பொறுக்க முடியவில்லை.

இன்று இருக்கைகள் கலந்துவிட்டன, திருமணம்தான் மிஞ்சியிருக்கிறது. கிறிஸ்தவ இதழ்களின் மணமக்கள் தேவை விளம்பரங்களில் "இரட்சிக்கப்பட்ட" என்ற தகுதியோடு சாதிப் பெயரும் கூச்சமின்றி அச்சாகிறது. எங்கள் ஐக்கியத்தில் ஒரு பெண், தன்னோடு பாடகர் குழுவில் பாடியவரை மணக்க விரும்பினார். இருவரும் ஒரே திருச்சபை, இருவரும் திடப்படுத்தல் பெற்றவர்கள். ஆனாலும் ஊரிலிருந்து வந்த தந்தை, "அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக" என்ற வசனத்தைத்தான் எடுத்தார். "அவரும் விசுவாசிதானே அண்ணா, அப்பா இதுல யாரை அந்நியர்ங்கறாங்க?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார். யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, எல்லாரும் கிறிஸ்து இயேசுவுக்குள் ஒன்று என்று சொல்லும் கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்தின் 28-ஆம் வசனத்தை நான் காட்டினேன். அது அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. ஞாயிறு பள்ளி வசனப் போட்டியில் பரிசு வாங்கிய வசனமாம். பரிசைக் கொடுத்த சபையின் கமிட்டியில் தந்தையும் இருந்திருக்கிறார்.

நம் பிள்ளைகளின் விசுவாசத்தைச் சினிமா கெடுப்பதாகச் சொல்வது நமக்கு எளிது என்று இப்போது நினைக்கிறேன், ஏனென்றால் சினிமா வீட்டுக்கு வெளியே இருக்கிறது. வீட்டுக்குள் கேட்க வேண்டியதைக் கேட்கப் பெற்றோரையும் சேர்த்து ஒரு கூட்டம் நடத்த ஆயரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். தலைப்பு என்ன என்று விசாரித்தார். "சாதியும் திருமணமும்" என்று அறிவித்தால் ஒருவரும் வரமாட்டார்கள் என்பது இருவருக்குமே தெரியும். "சினிமாவும் கிறிஸ்தவ வாலிபரும்" என்று போட்டுக்கொள்ள முடிவாகியிருக்கிறது.