கம்பெனி ஐட்டம் சார்!

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை போகிற ரோட்டில் இப்போது எங்கே பார்த்தாலும் கஃபே. மஞ்சள் பல்பு, சுவரில் பிளாஸ்டிக் செடி, மெனு அட்டையில் பெரி பெரி, சீஸ், லோடட் என்று பிங்கர் சிப்ஸுக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம். ஆனால் இதில் எந்தக் கடையிலாவது ஒரு ஆள் உட்கார்ந்து உருளைக்கிழங்கைத் தோல் சீவி வெட்டிக்கொண்டிருப்பதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டவன் என் மச்சினன். இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பக்கம் நர்ஸாக இருக்கிறான், லீவுக்கு வந்திருந்தான்.

இங்கிருந்து போகும்போது மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்குதான்) மீன் குழம்பும் இல்லாமல் எப்படி இருப்பேன் என்று ஏர்போர்ட்டில் புலம்பியவன், இப்போது நம் ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்த ஊர் சிப்ஸுக்கு ஏங்குகிறான். அங்கே மீனும் சிப்ஸும் போடுகிற கடைகளில் மேரிஸ் பைப்பர் என்று ஒரு ரகக் கிழங்கை விரல் தடிமனுக்கு வெட்டி, யார்க்‌ஷயர்க்காரர்கள் என்றால் மாட்டுக் கொழுப்பிலேயே பொரித்து, மேலே உப்பும் வினிகரும் தெளித்துத் தருவார்களாம். "ஒரு தடவை அதைச் சாப்பிட்டா அப்புறம் இந்தக் குச்சியை நீங்க தொடமாட்டீங்க அத்தான்" என்றான். நான் அந்தக் குச்சியைத் தின்றுகொண்டேதான் கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் மோசமாகத் தெரியவில்லை.

சரி, வந்த பிள்ளை ஆசைப்படுகிறான் என்று பைக்கை எடுத்தாயிற்று. ஒரு கடையில் பரிமாற வந்த பையனிடம், "தம்பி, இது இங்கேயே வெட்டினதா?" என்று கேட்டான். பையன் முதலில் பதறிவிட்டான், ஏதோ புகார் என்று நினைத்திருப்பான் போல. அப்புறம் நிமிர்ந்து நின்று, "சேச்சே, நம்ம கடையில அந்த வேலையே கிடையாது. எல்லாம் கம்பெனி ஐட்டம் சார்!" என்றான். அடுத்த கடையிலும் இதே பதில், இதே பெருமை. பிறகு மச்சினன் கேட்பதைக்கூட விட்டுவிட்டான், தட்டைப் பார்த்தே சொல்ல ஆரம்பித்தான். எல்லாம் ஒரே கனம், நான்கு பக்கமும் கோடு போட்டது மாதிரி நேராக இருந்தால் பாக்கெட். கையால் வெட்டினதில் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்றின் நுனியில் கொஞ்சம் தோல், நடுவில் பொடிப்பொடியாகச் சில கருகல் இருக்குமாம். இதைக் கேட்ட பிறகு எனக்கும் நிம்மதி போயிற்று, எந்தத் தட்டைப் பார்த்தாலும் நுனியில் தோல் இருக்கிறதா என்று கண் தேடுகிறது.

ஒரு கடை முதலாளி மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விஷயத்தை உடைத்துச் சொன்னார். சந்தைக்கு வருகிற கிழங்கு நிறையவும் வடக்கே குளிர்பதனக் கிடங்கில் கிடந்து வருவது. ரொம்பக் குளிரில் கிடந்தால் கிழங்கிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், எண்ணெயில் போட்டால் உள்ளே வேகுமுன் வெளியே கறுத்துவிடும். பாக்கெட் கம்பெனிக்காரர்கள் சர்க்கரை குறைந்த ரகமாகப் பார்த்து, குஜராத் பக்கத்து விவசாயிகளிடம் ஒப்பந்தம் போட்டு விளைவித்து வாங்கி, வெந்நீரில் அவித்து, ஈரத்தை உலர்த்தி, அரைவேக்காடாகப் பொரித்து, உறையவைத்து அனுப்புகிறார்கள். இவர் பாக்கெட்டைப் பிரித்து எண்ணெயில் கொட்டினால் முடிந்தது, வங்காளத்துப் பையன் நேற்று வேலைக்குச் சேர்ந்திருந்தாலும் ருசி மாறாது. "தோல் சீவ ஒரு ஆள் வைக்கணும், கழிவு வேற. அப்புறம் ஒருநாள் நல்லாருக்கும், ஒருநாள் கறுத்துப்போகும். நீங்களே வந்து சண்டை போடுவீங்க." அவர் சொன்னதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. மச்சினனும் தலையாட்டினான். வெளியே வந்ததும், "கேரளா பக்கம் பாத்திருவோமா அத்தான்?" என்றான்.

பாறசாலையில் ஒரு கடை வாசலில் பெரிய உருளி, உள்ளே தேங்காயெண்ணெய் கொதிக்கிறது. ஒரு சேட்டன் உரித்த ஏத்தங்காயை, அதாவது நேந்திரங்காயை, எண்ணெய்க்கு நேர் மேலே பிடித்துப் பலகையில் சீவுகிறார், வில்லைகள் சரசரவென்று நேராக உள்ளேயே விழுகின்றன. விரல் எங்கே, பலகை எங்கே என்று தெரியாத வேகம். பாதி வெந்ததும் மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரை ஒரு கரண்டி அதே எண்ணெயில் ஊற்றுகிறார், ஊரே கேட்கிற மாதிரி ஒரு இரைச்சல், அது அடங்கினால் காய் பதம். கையால் வெட்டுவதற்கு இதைவிட என்ன வேண்டும்? மச்சினன் அவரிடமே போய், உருளைக்கிழங்கை இப்படிப் பொரித்துத் தருவீர்களா என்று கேட்டான். அவர் சீவுவதை நிறுத்தாமல், "உருளக்கிழங்ஙோ? அது மசாலைக்குள்ளதாணு" என்றார். மசால் தோசைக்குள் கிடக்க வேண்டிய சாமானை ஏன் எண்ணெயில் போட வேண்டும் என்கிற தோரணை. கால் கிலோ ஏத்தங்காய் சிப்ஸ் சூடாக வாங்கிக்கொண்டு திரும்பினோம், அதில் முக்கால்வாசியை நான் தின்றேன், அவன் துக்கத்தில் இருந்தான்.

கடைசியில் குழித்துறை பக்கத்தில் ஒரு சின்னச் சாயாக்கடை. அங்கே ஒரு அக்கா பஜ்ஜிக்கு உருளைக்கிழங்கு வைத்திருந்தார். மச்சினனுக்கு அதைக் கண்டதும் கண்ணில் வெளிச்சம். "யக்கா, இதை வட்டமா வெட்டாம நீளமா வெட்டித் தருவியளா?" அவர் ஒரு மாதிரி பார்த்தாலும் வெட்டினார். உடனே இவன் உள்ளே புகுந்துவிட்டான். தண்ணீரில் ஊறப்போட்டு மாவைக் கழுவ வேண்டும், துணியில் ஒற்ற வேண்டும், முதலில் மிதமான சூட்டில் வேகவைத்து எடுத்து ஆறவைக்க வேண்டும், அப்புறம் நல்ல சூட்டில் மறுபடி பொரிக்க வேண்டும். "ரெண்டு தடவையா? மக்களே, எண்ணெய் என்ன விலை விக்குதுன்னு தெரியுமா?" என்றார் அக்கா. பஜ்ஜிக்கு நின்றவர்கள் கிளம்பிப் போனார்கள், இவன் ஈரம் ஒற்றிக்கொண்டிருந்தான்.

வந்தது. கோணல்மாணலாக, நுனியில் தோலோடு, சில கருகலோடு, தேங்காயெண்ணெய் வாசத்தோடு. ஊதி ஊதித் தின்றோம். உண்மையைச் சொல்ல வேண்டும், பாக்கெட் ஐட்டம் இதன் பக்கத்தில் நிற்காது. அக்காவும் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "கொள்ளாம், நல்லாருக்கு. ஆனா இவ்வளவு பாடுபடுறதுக்கு மரச்சீனியையே வெட்டிப் பொரிச்சிருக்கலாம்" என்றார். வினிகர் இருக்கிறதா என்று இவன் கேட்டதற்கு எலுமிச்சை ஊறுகாயைக் கொண்டுவந்து வைத்தார்.

காசு கொடுக்கும்போது, நாளைக்கும் கிடைக்குமா என்று கேட்டான். "நீரு வந்து வெட்டித் தாரும், பொரிச்சுத் தாறேன்" என்றார் அக்கா, சும்மா விளையாட்டுக்கு.

மறுநாள் சாயங்காலம் ஆளைக் காணோம். போன் பண்ணினால் சாயாக்கடையில் இருக்கிறான், கிழங்கு சீவிக்கொண்டு. பக்கத்துக் கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் வேறு தட்டு கேட்டுக் காத்திருக்கிறார்களாம், அதனால் வர லேட்டாகுமாம். இதை வீட்டில் சொன்னதும் என் மனைவிக்கு வந்த கோபம்! "வீட்ல ஒரு வெங்காயம் உரிச்சுத் தாலேன்னா முதுகு வலிக்குங்கான், அங்க போயி கடைக்கே கிழங்கு சீவுதானா? வரட்டும், சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் ரெண்டு கிலோ வாங்கிப் போட்டிருக்கேன்."