கடைக் கொப்பிக்கும் இடம் உள்ள ஒரு செலவுக் கணக்குச் செயலி

அன்றாடச் செலவை எழுதும் செயலி ஒன்றைச் செய்ய நினைப்பவர்கள், திரையை வரைவதற்கு முன்னர் ஒரு கடைக் கடன் கொப்பியை வாங்கிப் புரட்டிப் பார்க்க வேண்டும். திருகோணமலை, திருக்கடலூரில் இருக்கும் என் அக்காவுக்காக நான் செய்த செயலி அங்கிருந்துதான் உருவம் எடுத்தது. அத்தான் கடல் தொழில் செய்பவர். அக்கா கேட்ட முதல் கேள்வியே வடிவமைப்பின் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது: "அரிசியும் பருப்பும் இன்றைக்கு எடுக்கிறேன். அவருக்கு மீன் பட்டால்தான் காசு கொடுக்கிறேன். இதை எந்த நாளில் எழுதுவது, தம்பி?"

நான் இறக்கிப் பார்த்த செயலிகளில் கடனட்டைக்கு இடம் இருந்தது. கடைக் கொப்பிக்கு இல்லை. கொப்பியில் திகதி, சாமான், தொகை, கீழே கூட்டு. காசு கொடுத்ததும் குறுக்கே ஒரு கோடு. பாதிக் காசு கொடுத்தால் மீதி அடுத்த பக்கத்தின் தலைப்பில் பழைய பாக்கியாக ஏறும். எந்தச் சாமானுக்கு எவ்வளவு கட்டியாயிற்று என்று கடைக்காரர் பிரித்துப் பார்ப்பதில்லை. செயலியும் அப்படியே நடக்கிறது. தொகையைத் தட்டியதும் 'காசு', 'கொப்பி' என்று இரண்டு பொத்தான்கள் வரும். கொப்பியைத் தொட்டால் அது இன்றைய செலவில் சேரும். கடைப் பாக்கியும் கூடும். பின்னர் கட்டும்போது பாக்கி மட்டும் குறையும், செலவு கூடாது. இப்படிப் பிரிக்காவிட்டால் ஒரே அரிசி இரண்டு தடவை கணக்கில் ஏறும். சீட்டுக் காசையும் செலவுக்கு வெளியே தனியாக வைத்திருக்கிறேன். அது திரும்பி வரும் காசு.

தொழில் செலவையும் வீட்டுச் செலவையும் பிரிப்பது எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. மண்ணெண்ணெயும் ஐஸும் பிள்ளையின் கொப்பி, பேனையோடு ஒரே கூட்டில் கிடந்தால், நட்டம் கடலிலா வீட்டிலா என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தொழில் செலவுகள்தான் நேரத்தைப் பற்றியும் யோசிக்க வைத்தன. கைபேசிக்குள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிப்பது வழக்கம். இலங்கை அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. ஆகவே அதிகாலை 4 மணிக்கு வாங்கிய ஐஸ், பொது நேரப்படி முந்தைய நாளில் விழும். அலுவலகம் போகிறவருக்கு இது தட்டுப்படவே மாட்டாது. விடியுமுன் காசு செலவழிக்கும் வீட்டில் ஒவ்வொரு நாளின் கூட்டும் பிசகும். அதனால் செலவு நடந்த திகதியை உள்ளூர்த் திகதியாகவே, தரவு அட்டவணையில் தனி நிரலாக எழுதுகிறேன்.

தொகைகளை சதத்தில், முழு எண்ணாகச் சேமியுங்கள். தசமப் புள்ளியோடு சேமித்தால் 0.1 உடன் 0.2 ஐக் கூட்டும்போது கணினி 0.30000000000000004 என்று சொல்லும். தரவுத்தளத்துக்கு, கைபேசிக்குள்ளேயே இயங்கும் எஸ்கியூலைட் (SQLite) தாராளமாகப் போதும். இணையம் வேண்டாம், கணக்குத் திறக்கவும் வேண்டாம். இன்னொன்று: கைபேசியின் தமிழ் அமைப்பு இந்திய முறையில் 1,00,000 என்று காற்புள்ளி இடும். இங்கே வங்கிப் புத்தகத்தில் 100,000 என்றுதான் இருக்கும். அதை நானே மாற்றி எழுதினேன்.

செலவு வகைப் பொத்தான்களில் 'போக்குவரத்துச் செலவு' அடங்காது; 'பஸ்' அடங்கும். மீன், மரக்கறி, மருந்து, தொழில் எல்லாமே அக்கா வாயால் சொல்லும் சொற்கள்தான். எழுத்தைச் சிறிதாக்கி நீளமான பெயரைத் திணிப்பது எனக்குப் பிடிக்கவில்லை; வெயிலில் நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது.

கூகுள் பிளேயில் ஏற்றுவது தனி வேலை. பதிவுக் கட்டணம் 25 டாலர், ஒரு தடவை மட்டும். 2023 நவம்பர் 13க்குப் பின்னர் தனிநபர் கணக்குத் திறந்தவர்கள், வெளியிடுவதற்கு முன் ஒரு மூடிய பரிசோதனையை, அதாவது அழைத்தவர்கள் மட்டும் பாவித்துப் பார்க்கும் பரிசோதனையை, 14 நாட்கள் தொடர்ச்சியாக நடத்த வேண்டும். அதற்கு முதலில் 20 பரிசோதகர்கள் வேண்டும் என்று கூகுள் கேட்டது. 2024 டிசம்பரில் அதை 12 ஆகக் குறைத்தது. இடையில் ஆட்கள் விலகக்கூடும் என்பதால் கூடுதலாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அக்காவின் சீட்டுக்காரப் பெண்கள் கைகொடுத்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளில் கொப்பி வைத்திருப்போருக்குக் கடைவாரியாகப் பாக்கி வேண்டும் என்று கேட்டவர்களும் அவர்களே. அது சேர்ந்தாயிற்று. இப்போது கைபேசி தண்ணீரில் விழுந்தாலும் கணக்குத் தப்புவதற்காக, பிரதி ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்கும் வசதியைச் செய்துகொண்டிருக்கிறேன்.